அவருக்கு வந்த போன், எனக்கு வந்த நோய்

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாக்கில் கேன்சர் என்றதும் எல்லோரும் கேட்பது அதைத்தான். ஆஸ்பத்திரி லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு அம்மா கேட்டார். சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்டார். என் சொந்த அண்ணனே போனில், "எங்களுக்குத் தெரியாம ஏதாச்சும் போட்டுட்டு இருந்தியா கண்ணு?" என்று கேட்டான். புகையிலை போடுகிறவர் என் வீட்டுக்காரர். நோய் வந்தது எனக்கு.

என் பெயர் ரூபி. சரவணம்பட்டியில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்குப் போன் செய்து, அவர்களுடைய விவரங்களைத் தமிழில் படித்துச் சொல்லி, சரிதானா என்று கேட்டுப் பதிந்துகொள்ளும் வேலை. அப்பாவும் அம்மாவும் பல்லடம் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்கள். வீட்டுக்காரர் தேவராஜும் அந்தப் பக்கம்தான். கல்யாணமான புதிதில் விசைத்தறியில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்துக்குள் அடக்க ஆரம்பித்தது அங்கேதான். பிறகு தறியை விட்டுக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றும் வண்டி ஓட்டப் போனார். தறியை விட்டாரே தவிர, புகையிலையை விடவில்லை. ஒரே மகள் ஷாலினி, ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எச்சிலை வைத்து வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். கேன்டீனுக்கு வெளியே மேஜை போட்டு, மூடி போட்ட சின்னச் சின்னக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். புகையிலை போடுகிறவர்களின் எச்சிலும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எந்தப் பழக்கமும் இல்லாதவர்களின் எச்சிலும் வேண்டும். நான் இரண்டாவது வகை. என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அவர் கேட்டருகே நின்றிருந்தார். மேஜையில் இருந்த பெண் அவர் வாயைப் பார்த்ததுமே, "அண்ணா, நீங்களும் குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். அவருக்கு வெட்கம். வாயைக் கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, குனிந்து குழாயில் எச்சிலை விட்டார். நானும் விட்டேன். போன் நம்பர் கேட்டார்கள். வேலை நேரத்தில் எங்கள் போனையெல்லாம் லாக்கரில் பூட்டிவிடுவார்கள் என்பதால் இரண்டுக்கும் அவர் நம்பரையே கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அதை நான் மறந்தே போனேன்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் அவரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. சட்டைப் பையில் பொட்டலம் இல்லை. கேட்டதற்கு, "உட்டுப்போட்டேன்" என்று மட்டும் சொன்னார். இருபது வருஷமாக நான் கெஞ்சியும், சண்டை போட்டும், ஜெபம் செய்தும் விடாதவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்கத் தோன்றவில்லை. லீவுக்கு வந்த ஷாலினியை உட்கார வைத்து கேஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். மொட்டை மாடியில் தண்ணீர் ஒழுகிய இடத்தைத் தானே பூசினார். சம்பந்தமே இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போய் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிற கமலாவைப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணி எனக்குப் போன் செய்து, "என்னம்மிணி, தம்பி வந்து ஒண்ணும் பேசாம என்ற மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்துட்டுப் போறான், ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு எச்சி குடுத்தமல்ல, அந்த ஆஸ்பத்திரியில ரெண்டு பேரையும் ஒருக்கா வரச் சொல்றாங்க. சும்மா செக்கப்புதான்" என்றார் ஒருநாள். லீவு போட்டுவிட்டுப் போனோம்.

அந்த அறையில் ஒரு லேடி டாக்டரும் கேன்டீனில் பார்த்த அதே பெண்ணும் இருந்தார்கள். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, "டாக்டர், என்ற சம்சாரத்துக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. நானே சொல்லலாம்னுதான்..." என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நீங்க தேவராஜ்தானுங்களே? உங்க சாம்பிள்ல ஒண்ணும் இல்லீங்க. நாங்க கூப்பிட்டது அம்மாவோடதுக்கு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பெண் போனில், உங்கள் இருவரில் ஒருவரின் சாம்பிளைப் பற்றிப் பேச வேண்டும், நேரில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். யாருடையது என்று இவர் கேட்கவே இல்லை. தன்னுடையதுதான் என்று முடிவு செய்து, என்னிடம் மறைத்து, தான் இல்லாவிட்டால் வீடு எப்படி நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து வைத்திருக்கிறார்.

டாக்டர் அதைச் சொன்னதும் அவர் மூச்சு விட்டார். அவ்வளவுதான். நீளமாக ஒரு மூச்சு. தோள் இரண்டும் இறங்கின. முகம் தளர்ந்து ஒரு நொடி அவருக்கு வயது குறைந்தது போல இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார்.

எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பல் செட் இருந்தது. கீழ் வரிசையில் ஒரு பல் மட்டும் நிறம் மாறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எனக்கு நிதானமாக விளக்கினார். வாயின் உள்தோலிலிருந்து செல்கள் எந்நேரமும் உதிர்ந்து எச்சிலில் கலக்கின்றன. அந்தச் செல்கள் ஆர்.என்.ஏ என்கிற மிக நுண்ணிய துணுக்குகளையும் வெளியே விடுகின்றன. எந்தச் செல் என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். செல் கெட ஆரம்பித்தால் சில துணுக்குகள் வழக்கத்தைவிடக் கூடும், சில குறையும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புண்ணோ கட்டியோ வருவதற்கு முன்பே அந்த மாற்றம் எச்சிலில் வந்துவிடலாம். அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

"ஆனா இது இன்னும் ஆராய்ச்சிதானுங்க. இதை வெச்சு உங்களுக்கு கேன்சர்னு சொல்ல முடியாது. கொஞ்சம் உத்துப் பாருன்னு மட்டும் இது சொல்லும். இதே மாதிரி கூப்பிட்டவங்கள்ல சில பேருக்கு ஒண்ணுமே இல்லாம அனுப்பியிருக்கோம். வாயத் திறங்க, பாக்கலாம்."

ஒரு துணியால் என் நாக்கின் நுனியைப் பிடித்து வெளியே இழுத்து, வலது பக்கம் திருப்பினார். இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசுகிற இடத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பு. எனக்கு அது தெரியும். உடைந்த பல் குத்திய புண் என்று வைட்டமின் மாத்திரை போட்டு, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் முன்பே காட்டியிருப்பேனோ என்னவோ.

அந்த வாரமே பயாப்சி எடுத்தார்கள். தடிப்பில் துளி வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஊசி போட்டதும் பாதி நாக்கு மரத்துவிட்டது. வெட்டுகிற சத்தம் கேட்டது, வலி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது உதட்டோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மரப்பு சாயங்காலத்துக்குள் போய்விட்டது. எனக்குள் இருந்த மரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ரிசல்ட் வரும்வரை ஆபீஸ் போனேன். பேசும்போது தையல் இழுத்தது. மத்தியானம் டிஃபன் பாக்ஸைத் திறந்து சாதத்தைத் தயிரில் கரைத்துக் குடித்தேன். பக்கத்து சீட் பெண்ணிடம் பல் பிடுங்கியதாகச் சொன்னேன். வீட்டுக்காரர் தினமும் வந்து கூட்டிக்கொண்டு போனார். பைக்கில் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம்.

ரிசல்ட்டில் இங்கிலீஷில் மூன்று வார்த்தை இருந்தது. வாயின் உள்தோலில் வருகிற புற்றுநோய் என்று அதற்கு அர்த்தம். ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் வயதானவர், சுருக்கமாகப் பேசினார். நாக்கின் அந்தப் பகுதியை, சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும். நாக்கிலிருந்து புற்றுநோய் முதலில் போய்ச் சேருகிற இடம் கழுத்தில் இருக்கிற நிணநீர் முடிச்சுகள், நாம் நெறிக்கட்டி என்பவை. ஸ்கேனில் தெரியாவிட்டாலும் உள்ளே துளி இருக்கலாம், அதனால் அதையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் இருந்தால் ரேடியேஷன், இல்லாவிட்டால் தேவையில்லை.

"பேச்சு வருங்களா டாக்டர்?" என்று அவர்தான் கேட்டார்.

"வரும். பழைய மாதிரி வருமான்னு கேட்டீங்கன்னா, ல, ள, ழ எல்லாம் கொஞ்சம் சிரமப்படும்."

என் வேலையே பேசுவதுதான் என்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை. தலையாட்டினேன். கடைசியில் டாக்டர் அவரைப் பார்த்து, "உங்களுக்கு இப்ப இல்ல, அவ்வளவுதான். எப்பவும் வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல. புகையிலை கூடாது. வருஷத்துக்கு ஒருக்கா வாயைக் காட்டணும்" என்றார். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி, "சரிங்க, சரிங்க" என்றார்.

ஸ்கேனுக்காகக் காத்திருந்த ஹாலைச் சொல்ல வேண்டும். அங்கே பாதிப் பேர் வாயைத் துண்டால் மூடியிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. கூட வந்தவர்கள்தான் பேசிக்கொண்டார்கள், எந்த ஊர், எத்தனை நாளாக என்று. திரையில் டோக்கன் நம்பர் மாறும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும், ஒன்றாகக் குனியும். எனக்குப் பயமாக இருந்ததா என்று ஷாலினி பிறகு கேட்டாள். இல்லை. ஏ.சி. குளிர்ந்தது, அது ஞாபகம் இருக்கிறது. ஆபீஸ் இன்சூரன்ஸ் இருந்ததால் பில்லைப் பற்றி நான் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அப்படி இல்லாதவர்கள் கவுன்டரில் நின்ற நிற்பைப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். மூக்கில் இருந்தது சாப்பாட்டுக்கு. கழுத்தில் இருந்தது உள்ளே தேங்குகிற நீரை வெளியே எடுக்க. வாய்க்குள் பெரிதாக ஏதோ ஒன்று இருந்தது. அது என் நாக்குதான், வீங்கியிருந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. நர்ஸ் சின்ன உறிஞ்சு குழாயை வாயோரம் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் எந்தக் கவனமும் இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது எவ்வளவு சுரக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

கமலா அண்ணி பல்லடத்திலிருந்து வந்து தங்கிவிட்டார். ராகிக் கஞ்சியும் பருப்புத் தண்ணியும் வைத்து, வெள்ளைத் துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டிக் கொண்டுவருவார். ஒரு துகள் இருந்தாலும் மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஊசிக் குழலில் ஊற்றி மெதுவாக இறக்கும்போது, "இன்னிக்கு நெய்யில சீரகம் தாளிச்சு ஊத்தியிருக்கேன் கண்ணு, வாசம் வருதா?" என்று கேட்பார். எனக்கு ருசியும் கிடையாது, வாசமும் தெரியாது. ஆனாலும் தினமும் என்ன தாளித்தார் என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். ஷாலினி ஈரோட்டிலிருந்து வந்து என் தலையைப் பின்னிவிட்டாள். தையல் பக்கம் முடி படாமல் ஒருபக்கமாக எடுத்துப் பின்னி, போட்டோ எடுத்துக் காட்டினாள். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது நான் திறந்துகொண்டு அவர்கள் செருப்புகளைப் பார்த்தேன்.

அவர் பகல் முழுக்கப் பக்கத்தில் இருப்பார். வேலை எல்லாம் செய்வார். முகத்தைப் பார்க்க மாட்டார். ஒரு மத்தியானம் அண்ணி துவைக்கப் போயிருந்தபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ரூபி, அன்னிக்கு அந்த டாக்டரம்மா எனக்கில்லைன்னு சொன்னப்ப எனக்கு உசுரு வந்துச்சு. நீ பாத்துட்டே. எனக்குத் தெரியும்."

நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேச முடியாது.

"ஒனக்குன்னு எனக்கு உறைக்கறதுக்கு முன்னாடி வந்துபோட்டுது. வேணும்னு அந்த மூச்ச நான் உடல. நெஞ்சைக் கையில புடிச்சுட்டே எத்தனையோ நாளு திரிஞ்சனா... கேட்டதும் தானா வந்துபோட்டுது."

போனை எடுத்து டைப் செய்தேன். எழுத்துக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. 'எனக்கும் யாராவது இல்லைன்னு சொல்லியிருந்தா அப்படித்தான் மூச்சு விட்டிருப்பேன்' என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதியது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதினேன். அவர் அழுவதைப் பார்த்தும் எனக்கு அழுகை வரவில்லை.

எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்தது. ஓரங்களில் நோய் இல்லை. நெறிக்கட்டிகளிலும் இல்லை. ரேடியேஷன் வேண்டாம். நோய் இவ்வளவு ஆரம்பத்திலேயே கண்ணில் படுவது அபூர்வம் என்று, சுருக்கமாகப் பேசுகிற அந்த டாக்டரே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். ஷாலினி என்னைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். எனக்கு, கழுத்துக் குழாயை இன்றைக்கே எடுப்பார்களா என்பதுதான் மனதில் ஓடியது.

பேச்சுப் பயிற்சி நீண்ட வேலை. பயிற்சி கொடுக்கும் பெண் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, மிச்சமிருக்கிற நாக்கை மேலே தூக்கு, பக்கவாட்டில் தள்ளு என்பாள். இடது பக்கம் போகச் சொன்னால் போகாது. 'பழம்' என்று சொன்னால் 'பயம்' என்று வந்தது. 'வாழை' 'வாயை' ஆனது. அவள் சிரிக்கவில்லை. "மெதுவா, இன்னொருக்கா" என்பாள். சாப்பாடு வலது பக்கத்தில் மட்டும். இடது பக்கம் போன சோறு அங்கேயே கிடக்கும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

திரும்ப வேலைக்குப் போனபோது எனக்கு மின்னஞ்சல் பார்க்கிற பிரிவு தரலாம் என்றார் மேனேஜர். ஒரு வாரம் போனிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். முதல் அழைப்பு தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு. பெயர், முகவரி எல்லாம் படித்தேன். அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி, உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ புற்றுநோய் உண்டா என்பது. அந்த வார்த்தை எனக்கு ஒழுங்காக வரவில்லை. இரண்டு முறை சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, வாயில எதையாச்சும் வெச்சுட்டுப் பேசறீங்களா?" என்றார்.

"இல்லீங்க. நாக்குல ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. நான் இப்பக் கேட்டனே, அந்த வியாதிக்குத்தானுங்க."

கட் செய்துவிடுவார் என்று நினைத்தேன்.

"செரிங்க. நீங்க மெதுவாச் சொல்லுங்க. நான் சோளக்காட்டுலதான் நிக்கறேன், வேலை ஒண்ணுமில்லீங்க" என்றார்.

மிச்சம் முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும், "ம், புரியுதுங்க" என்றார். புரியாத இடத்திலும் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பைக்கோடு கேட்டில் நின்றிருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மெயின் ரோட்டுக்கு வந்து சிக்னலில் நின்றபோது, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பி, "முதல் நாளு எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார். அந்த வாசம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. இது தெரிந்தது. கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பச்சை விழுந்ததும் கிளப்பிவிட்டார். தோளில் ஓங்கி அடித்தேன். பயந்துபோய் ஒரு மருந்துக்கடை ஓரம் நிறுத்தினார்.

"என்ன ஆச்சு? வலிக்குதா?"

இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையில்கூட.

"துப்பு" என்றேன்.

அந்த வார்த்தை எனக்குச் சுத்தமாக வந்தது. அவர் முழித்தார்.

"துப்பு! எனக்கு நாக்க வெட்டியாச்சு, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு திரும்ப ஆரம்பிச்சிட்டயா? செத்துப்போயிடுவோம்னு நெனச்சப்ப விட்டயில்ல? எனக்காக விட முடியலயா உனக்கு?"

எவ்வளவு அவருக்குப் புரிந்ததோ தெரியாது. ல, ள, ழ எல்லாம் எங்கெங்கோ போயின. எச்சில் தெறித்தது. மருந்துக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்துத் தழும்பு இழுத்தது. அத்தனை மாதத்தில் எனக்கு முதன்முதலாக வந்தது கோபம்தான். அதன் பின்னாலேயே அழுகை வந்தது. ரிப்போர்ட்டுக்கு வராதது, ஷாலினி கட்டிக்கொண்டபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது.

அவர் சாக்கடைப் பக்கம் குனிந்து துப்பினார். பைக்கில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார், தண்ணீர் தீரும்வரை கொப்பளித்தார். தீர்ந்த பிறகும், காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றார். நான் அழுது முடிக்கும்வரை நின்றார்.